வீட்டிற்குள் வந்துவிட்ட இணையம்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்தபின், கோவில் கதவைச் சாத்திவிட்டு நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பினோம். வாசற்படியில் ஒருவர் அமர்ந்திருந்தார். நம் பங்கைச் சேர்ந்த நெசவாளர். ஐம்பதைக் கடந்தவர். சிறுவனாய் இருந்த நாள் தொட்டுக் குழித்தறியில் கால் வைத்துப் பட்டு நெய்பவர். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார், பேசவில்லை. உள்ளே அழைத்து அமர வைத்து, தண்ணீர் கொடுத்த பின்னரே வாய் திறந்தார்.

"சாமி, 36,000 ரூபாய் போயிடுச்சு. வீட்டுல இன்னும் சொல்லல."

நடந்தது இதுதான். அவருடைய மகள், தந்தை நெய்த இரு புடவைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள். இரண்டு நாளில் ஓர் அழைப்பு. எல்லையில் பணிபுரியும் இராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர், தம் தங்கையின் திருமணத்திற்கு நான்கு புடவை வேண்டும் என்றார். சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். (பட்டுப்புடவைக்குப் பேரம் பேசாத மனிதரை ஆரணியில் நாம் இதுவரை கண்டதில்லை. அங்கேயே ஐயம் எழுந்திருக்க வேண்டும்.) சீருடையணிந்த அடையாள அட்டையின் படம் ஒன்றும் வந்தது. "எங்கள் துறையில் பணம் அனுப்பும் முறை வேறு. நான் அனுப்பும் கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் செய்து, உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் விழும்" என்றிருக்கிறார். முதலில் 5 ரூபாய்க்குச் சோதனை நடந்தது. 5 ரூபாய் போய், 10 ரூபாயாகத் திரும்பி வந்தது. நம்பிக்கை பிறந்தது. அடுத்து 18,000. பணம் வரவில்லை, போயிற்று. "ஏதோ தவறு, மறுபடியும் போடுங்கள், இரண்டும் சேர்ந்து வரும்" என்றதும் மீண்டும் 18,000.

இது நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். தலை கவிழ்ந்தவாறே அவர் சொன்னது: "வெட்கமா இருந்துச்சு சாமி. படிக்காதவன்தானேன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

சிரிக்கும் தகுதி நமக்கில்லை என்பதை வாசகரன்பர்களுக்கு இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இலத்தீனும் மெய்யியலும் பயின்ற நாமே சில ஆண்டுகளுக்கு முன், "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்புத் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று வந்த குறுஞ்செய்தியைக் கண்டு பதறி, அந்த எண்ணை அழைத்து, அவன் அனுப்பிய செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டிருந்தோம். சமையற்கார அம்மாள் வந்து, "பில்லு போன வாரமே கட்டியாச்சே சாமி" என்று சொன்ன பிறகே நமக்குச் சுயநினைவு வந்தது. ஆகவே இம்மாதம் இணையத்தைப் பற்றி எழுதுவது என்று துணிந்தோம். கைப்பேசியைத் தொடவே அஞ்சும் பாட்டிமார் முதல், அதைக் கீழே வைக்கவே மறுக்கும் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் இதில் ஏதேனும் ஒன்று உண்டு.

முதலில் அஞ்சுபவர்களுக்கு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முப்பது ஆண்டுகளில் அது கணினிக் கடைகளிலிருந்து நம் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. "இதெல்லாம் நமக்குப் புரியாது" என்று நெசவுக் குடும்பத்தார் சொல்லும்போது மட்டும் நாம் விடுவதில்லை. உங்கள் தறியின் தலைக்குமேல் நிற்கும் ஜக்கார்டுப் பெட்டியைப் பாருங்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் இழை எழுகிறது. துளை இல்லாத இடத்தில் கிடக்கிறது. எழுவதும் கிடப்பதுமாகிய இந்த இரண்டே கட்டளைகளால் மயிலும் மாங்காயும் முந்தியில் மலர்கின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் செப்பனிட்ட பொறி இது. இதன் அட்டைகளைக் கண்டே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குத் துளையட்டை வைக்க எண்ணினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையும் துளையட்டைகளைக் கொண்டே ஹாலரித் என்பவர் விரைந்து முடித்துக் கொடுத்தார். இன்றைய கணினியும் ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளால்தான் இயங்குகிறது. ஆதலின் கணினியின் முன்னோரில் ஒருவர் பட்டுத்தறி என்றால் அது மிகையன்று. சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் ஒண்ணுபுரத்திலும் தறி ஓட்டுகிறவர்கள் இந்த உறவை உரிமையோடு கொண்டாடலாம்.

எழுதத் தெரியாதே என்பது அடுத்த தடை. தமிழ்த் தட்டச்சுக்கு ஒரே விசைப்பலகை வேண்டுமென்று 1999-இல் சென்னையில் அறிஞர்கள் கூடி 'தமிழ்99' என்ற முறையை வகுத்தனர். நன்முறைதான், ஆயினும் நம் பாட்டிமார் அதைக் கற்க வேண்டியதில்லை. கூகுள் நிறுவனம் 2017 முதல் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கித் தருகிறது. தேடும் கட்டத்தின் அருகில் ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கும். அதை விரலால் தொட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல், "முதியோர் உதவித்தொகைக்கு என்னென்ன தாள்கள் வேண்டும்" என்று கேட்டாற் போதும். ஆனால் இணையம் முழுவதையும் கற்க வேண்டும் என்று தொடங்குபவர் ஒரு வாரத்தில் விட்டுவிடுவர். தமக்குத் தேவையான ஒன்றை மட்டும் கற்பவர் நிலைப்பர். நம் பங்கில் ஒரு மூதாட்டி, வெளிநாட்டில் இருக்கும் பேரனின் முகம் காணவே கைப்பேசியைத் தொட்டார். இன்று பட்டா நகலைத் தாமே பார்க்கிறார்.

பட்டா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழக அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சொத்தின் வில்லங்க விவரத்தையும் பதிவுத்துறைத் தளத்தில் பார்வையிடலாம். ஆனால் தேடினால் வரும் பத்துத் தளங்களில் அரசுத் தளம் எது? இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அஞ்சல் ஊழியர் முகவரியின் கடைசி வரியிலுள்ள ஊரையும் பின்கோடையும்தான் முதலில் பார்ப்பார். நீங்களும் அவ்வாறே, முகவரியில் முதலாவது சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் கடைசியைப் பாருங்கள். அது 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிந்தால் அரசுத் தளம். 'ஜிஓவி' என்ற எழுத்துகள் நடுவில் நின்று, முடிவு 'டாட் காம்' என்றோ 'டாட் ஆன்லைன்' என்றோ இருந்தால் வேடம். வங்கிகளுக்கும் இத்தகைய அடையாளம் வந்துவிட்டது. எல்லா வங்கிகளும் தம் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இத்தனையும் குழப்பமாய்த் தோன்றினால் ஈ-சேவை மையத்திற்குச் செல்வதில் இழிவு ஒன்றுமில்லை. கட்டணச் சீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

நிற்க. நமக்குப் பெருங்கவலை அஞ்சுபவர்களைப் பற்றியன்று; பாதி தெரிந்தவர்களைப் பற்றியே. தெரியாதவர் பிறரைக் கேட்பார். நன்கு தெரிந்தவர் விழித்திருப்பார். பாதி தெரிந்தவர் கேட்பதுமில்லை, விழிப்பதுமில்லை. நம் நெசவாளர் அன்றாடம் ஜிபேயில் பால்காரருக்குப் பணம் அனுப்புகிறவர்தான். அவருக்குத் தெரியாமற் போனது ஒரே ஒரு செய்தி. அதைத் தனி வரியாகவே எழுதுகிறோம். கத்தரித்துப் பணப்பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொள்ளலாம்.

பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஸ்கேன் செய்யவும் தேவையில்லை.

யுபிஐ என்னும் இம்முறை 2016-இல் நம் நாட்டில் தொடங்கியது. அதில் பின் நம்பர் என்பது உங்கள் பெட்டியின் சாவி. பெட்டிக்குள் யாரேனும் பணம் போட வேண்டுமானால் உங்கள் சாவி எதற்கு? எடுப்பதற்கே சாவி வேண்டும். கடைக்காரர் மேசைமேல் ஒட்டியிருக்கும் கட்டப் படத்தை ஸ்கேன் செய்வது அவருக்குக் கொடுப்பதற்கு, நமக்கு வருவதற்கன்று. தனி மனிதர் ஒருவர் மற்றவரிடம் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதியை, ஏமாற்று மிகுந்தமையால், 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டனர். ஆயினும் கட்டப் படம் இருக்கும்வரை வஞ்சகனுக்கு வழியும் இருக்கிறது.

வஞ்சகர் போடும் வேடங்கள் பல. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும்; திறந்தால் அது படமாயிராது, 'ஏபிகே' என்று முடியும் செயலியாயிருக்கும்; உள்ளே புகுந்தால் உங்கள் குறுஞ்செய்திகளையெல்லாம் அவன் படிப்பான். வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடினால் முதலில் வருவது அவன் போட்டு வைத்த எண்ணாக இருக்கக்கூடும். பாஸ்புத்தகத்திலும் ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலும் அச்சான எண்ணையே அழையுங்கள். எல்லாவற்றிலும் கொடியது 'டிஜிட்டல் கைது'. காவல் சீருடையில் ஒருவன் காணொளியில் தோன்றி, உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பொதி பிடிபட்டது, நீங்கள் கைதாகிவிட்டீர்கள், அறையை விட்டு நகரக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது என்பான். படித்து ஓய்வு பெற்றவர்களே இதில் மிகுதியாக வீழ்ந்தனர். 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு மக்களை இதுபற்றி எச்சரிக்கும் அளவுக்கு அது பரவியது. கைப்பேசி வழியாக ஒருவரைக் கைது செய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை.

இந்த வேடங்கள் அனைத்திற்கும் பொதுவான குறி ஒன்றுண்டு. 'உடனே' என்பான், 'யாரிடமும் சொல்லாதே' என்பான். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் கால்மணி நேரம் காத்திருக்கும். மனைவியிடமோ மகனிடமோ பக்கத்து வீட்டாரிடமோ ஒரு வார்த்தை சொன்னபின் செய்யும் காரியம் பெரும்பாலும் கெடுவதில்லை. நம்மைக் காப்பாற்றியவர் சமையற்கார அம்மாள் அல்லரோ!

நன்கு தெரிந்த இளைஞர்களுக்கு வருவோம். தாய் ஏதேனும் கேட்டால், கைப்பேசியை அவர் கையிலிருந்து பிடுங்கி, நான்கு தட்டுத் தட்டி, "இந்தா" என்று திருப்பிக் கொடுக்கிறீர்கள். அதில் அவர் கற்றது என்ன? அடுத்த முறை உங்களிடம் கேட்கக்கூடாது என்பதைத்தான். கருவி அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் சொல்லுங்கள். மூன்று முறையேனும் சொல்லுங்கள். உங்களுக்கு முந்தி கட்டப் பழக்கிய அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார்? வீட்டிலுள்ள ஒவ்வொரு வாட்ஸ்அப் கணக்கிற்கும் ஆறு இலக்க இரட்டைப் பூட்டை நீங்களே முன்னின்று போட்டுக் கொடுங்கள்.

புடவையை இணையத்தில் விற்கும் பிள்ளைகளை நாம் தடுக்கமாட்டோம், மாறாக ஊக்குவிப்போம். கூலிக்கு நெய்யும் குடும்பம் தன் பொருளை வாங்குபவர் முகத்தை ஒருமுறையேனும் காண்பது நல்லது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த 'சில்க் மார்க்' முத்திரை தூய பட்டுக்குச் சான்று. விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்றும், கலப்புச் சரிகையை வெள்ளிச் சரிகை என்றும் படத்தோடு போடுகிறவர்கள் பெருகியிருக்கும் இந்நாளில், பின்புறத்து இழையையும், கரையும் உடலும் சேரும் கோர்வையையும் அருகில் வைத்துப் படம் பிடித்துப் போடுங்கள். விலையை மறைக்காதீர்கள். பணம் வந்துவிட்டது என்று அவர் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பைப் பார்த்தபின் பார்சலைக் கட்டுங்கள்.

எல்லோரும் எல்லாவற்றையும் கற்றாக வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்குப் புதுச்சேரிப் பகுதியில் நல்ல சான்று உண்டு. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அக்காலத்தில் கிராமத்தில் தொலைபேசியே அரிது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அச்செய்தி இருந்தது. மையத்தில் பணியாற்றியவர்கள் அதை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி வழியே கரை முழுவதும் கேட்கச் சொன்னார்கள். வலை பழுது பார்த்துக்கொண்டே மீனவர் கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கணினியைத் தொட்டதே இல்லை. ஆயினும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் அவர்கள்தாம்.

2004 டிசம்பர் 26 அன்று, அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அங்கு வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து, வீட்டாரை எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் மையம் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தனர். 3,600-க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூர் உயிர் பிழைத்தது. நம் கடற்கரை அன்று பட்ட துயரத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்விளைஞர் தமக்குத் தெரிந்ததை உடனே சொன்னார். கேட்டவர்கள் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்கள்.

நம் நெசவாளரோ நான்கு நாள் சொல்லவில்லை. பணம் பறிபோனது தெரிந்த அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே எண். இரவும் பகலும் எடுப்பார்கள். எவ்வளவு, எப்போது, எந்த வங்கியிலிருந்து, பரிமாற்ற எண் என்ன என்று கேட்பார்கள். அவற்றைக் கைவசம் வைத்துக்கொண்டு அழையுங்கள். பறித்தவன் அப்பணத்தை ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு மாற்றி மாற்றி, எங்கோ ஓர் ஏடிஎம்மில் எடுத்துவிடப் பார்ப்பான். எடுப்பதற்குமுன் தகவல் சென்றால் வங்கிகள் அத்தொகையை முடக்கிவைக்க முடியும். ஆகவே இது மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் நடக்கும் ஓட்டம். அடுத்து வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' என்ற தளத்திலும் முறையிடலாம். வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைக் கொடுத்து இழந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சாரும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை கூறியது. முதல் 18,000 போனதுமே சொல்லியிருந்தால் இரண்டாவது 18,000 போயிராது.

அன்று மாலை நம் கைப்பேசியிலிருந்தே 1930-ஐ அழைத்தோம். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்து, எண் ஒன்றைக் கொடுத்தார். பணம் அதற்குள் பல கணக்குகள் கடந்து போய்விட்டிருந்தது; இதுவரை திரும்பவில்லை. பின்னர் நாமும் அவருடன் வீட்டிற்குச் சென்றோம். மனைவியிடம் சொல்ல அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. அந்த அம்மாள் திட்டவில்லை. "நாலு நாளா சோறு இறங்காம இருந்தது இதுக்குத்தானா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார். மகள் மூலையில் நின்று அழுதாள். தான் படம் போட்டதால்தானே என்று.

அந்தப் பெண்தான் இப்போது ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அமர்கிறாள். இளைஞர் இருவர் உடன் இருக்கின்றனர். யாரும் எந்த ஐயத்தையும் கேட்கலாம். நம் பங்கினர் மட்டும் அல்லர், தெருவில் உள்ள எவரும் வரலாம். சென்ற வாரம் ஒன்பது பேர் வந்தனர்; ஏழு பேர் பெண்கள். பழைய கைப்பேசி ஆயினும் தடையில்லை. சார்ஜ் மட்டும் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வரவும். மண்டபத்தில் வேலை செய்யும் பிளக் ஒன்றுதான் உள்ளது.